காம்பு யார் பக்கம்

என் தையல் சாமான்கள் இருப்பது ஒரு சுருட்டுப் பெட்டியில். தேக்குப் பலகையில் செய்து, பித்தளைக் கொக்கி போட்ட பெட்டி. கோயமுத்தூரில் எங்கள் வீட்டு அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் அதன் உட்பக்கத்தில் ஒரு பெரியவரின் படம் ஒட்டியிருக்கும். கண்களை மூடிக்கொண்டு ஒரு புகையிலையை மூக்கருகே பிடித்திருப்பார். என் மகள் இதற்கு 'தூங்குற தாத்தா பெட்டி' என்று பெயர் வைத்திருக்கிறாள். சட்டையில் பட்டன் அறுந்தால் போதும், "தூங்குற தாத்தாகிட்ட ஊசி வாங்கிட்டு வரவா?" என்று ஓடுவாள். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. 'ஒரு பள்ளத்தாக்கு, ஒரு மூக்கு' என்று அர்த்தம். அதை எழுதியவள் நான்தான். எழுதிய அன்று எனக்கு என் மேலேயே அவ்வளவு பெருமை. முதலாளி மூன்று முறை வாசித்துவிட்டு, "பிரமாதம்மா" என்றார். ஒரு மனிதரை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குத்தான் அந்த வரி உதவப் போகிறது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

போடியில் ஒரு பழைய ஏலக்காய் குடோனை வாங்கி எங்கள் முதலாளி அந்தக் கம்பெனியை ஆரம்பித்திருந்தார். பெட்டிக்கடையில் கட்டுக் கட்டாகத் தொங்கும் சுருட்டு இல்லை அது. வருடத்துக்கு முந்நூறு பெட்டி மட்டும். முழுக்கக் கையால் சுருட்டி, மாதக்கணக்கில் ஆறப்போட்டு, பெரிய ஓட்டல்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் போகிற சுருட்டு. நான் ஓடைப்பட்டிக்காரி, பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். பெட்டியில் அச்சாகும் வாசகங்களை எழுதுவதும், எந்த இலைக்கட்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்று நோட்டில் குறிப்பதும் என் வேலை. வாழ்க்கையில் ஒரு தடவைகூட நான் சுருட்டை வாயில் வைத்ததில்லை. ஆனால் அதன் சுவையைப் பற்றி நான் எழுதிய ஆங்கிலத்தைப் படித்தால், பிறந்ததிலிருந்து புகைத்துக்கொண்டிருப்பவள் என்றுதான் நினைப்பார்கள். எல்லாம் மேஸ்திரி வாயால் சொன்னது. நான் அதற்குக் கோட்டு மாட்டி அனுப்பினேன், அவ்வளவுதான்.

இலைகளைக் கலப்பவர் மேஸ்திரி. பெட்டி மூடியில் கண்ணை மூடியிருப்பவரும் அவர்தான். கம்பெனியில் அவர் சொன்னதுதான் சட்டம். ஒரு சுருட்டுக்குள் மூன்று வகை இலை இருக்கிறது. உள்ளே திணிப்பது, அதைச் சுற்றிக் கட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலே போர்த்துவது. இவற்றுக்கு மேஸ்திரி வைத்திருந்த பெயர்களே வேறு. மேலே போர்த்துகிற இலை மாப்பிள்ளை. கிழிசல் இல்லாமல், நரம்பு தெரியாமல், பார்வையாக இருந்தால் போதும். உள்ளே இருப்பது பொண்ணு. வாசமும் காரமும் அங்கேதான். நடுவில் இருந்து இரண்டையும் இழுத்துப் பிடிப்பது சம்பந்தி. "சம்பந்தியை யாரும் கண்ணுல பாக்க மாட்டாக. ஆனா அவுக கோணிக்கிட்டா மொத்தக் கல்யாணமும் ஒரு பக்கமா எரியும்" என்பார். கலவை சரியாக அமைந்தால் 'முறை கூடிருச்சு', அமையாவிட்டால் 'முறை கூடல'. சுருட்டும் பெண்கள் அவரை விட மாட்டார்கள். "எங்க வீட்டு மாப்பிள்ளையும் மேல போத்துற இலைதான் மேஸ்திரி, பாக்க மட்டுந்தான் லட்சணம்" என்று ஒருத்தி ஆரம்பித்தால் குடோனே சிரிக்கும்.

முறை கூடிய சுருட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. முதல் இழுப்பில் ஏலக்காய்த் தொலியின் வாசம். நடுவில் வறுத்த காப்பிக்கொட்டை. கடைசி இரண்டு அங்குலத்தில், அடிபிடிக்கப் போகும் நேரத்தில் இறக்கிய கருப்பட்டிப் பாகு. இந்த வரிசையில்தான் வர வேண்டும். ஏலக்காயை அவர் கலப்பதில்லை. ஐம்பது அறுபது வருடங்களாக மூட்டை அடுக்கிய குடோன் அது. சுவர்கள் அந்த வாசத்தைக் குடித்திருந்தன. வடக்குச் சுவரோரம் கிடந்த இலை தானாகவே அதை வாங்கிக்கொள்ளும். எந்தக் கட்டை எத்தனை நாள் சுவரோரம் போடுவது, எப்போது எடுப்பது என்று மூக்கால் பார்த்துச் சொல்வதுதான் அவருடைய வித்தை. இலை அறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்த இரண்டையும் செங்கல் வைத்து அடைத்து, ஈரம் போகாமல் இருக்கக் கதவுக்கு நனைத்த சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பத்து நிமிடம் நின்றால் முந்தானை பிழிகிற மாதிரி ஆகிவிடும்.

கொரோனாவின் முதல் அலையில் மேஸ்திரிக்கும் காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் கழித்து, மெலிந்து, சட்டை தோளில் தொங்க வந்து சேர்ந்தார். அன்று காலையில்தான் குடோன் முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தோம். ஒரு கூடைக்கு அடியில் பினாயில் தண்ணீர் தேங்கி, அதில் கிடந்த இலைக்கட்டு நன்றாக ஊறிப்போயிருந்தது. அதைக் கவனிக்காமல் முறத்தில் வைத்து எடுத்துப் போனேன். அறைக்குள் நுழைந்ததுமே நெடி என் கண்ணைக் கரித்தது. ஐயோ என்று நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி அதைக் கையில் எடுத்துவிட்டார். வழக்கம்போலக் கண்களை மூடினார், மூக்கருகே கொண்டுபோனார், மெதுவாக இழுத்தார். "ஏலக்கா வாசம் தூக்குது தாயி. முறை கூடிருச்சு" என்றார்.

என் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த கட்டைப் பார்த்தார், அதில் இருந்த ஈரத்தை விரலால் தொட்டார். பிறகு அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். "போயிருச்சு தாயி. ஒண்ணும் தெரியல. கருவாட்டையும் மல்லிகைப் பூவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டேன், எல்லாம் வெறுங்காத்தா இருக்கு. வீட்டுக்காரிகிட்டகூட சொல்லல. ஒரு மாசத்துல திரும்பிரும்னு டாக்டர் சொல்லியிருக்காக. அதுவரைக்கும் வெளிய விட்ராத" என்றார். குடோனுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில்தான் அவர் குடியிருந்தார். வேலையோடு சேர்ந்த வீடு. வேலை போனால் மறுநாளே அதையும் விட வேண்டும். முந்நூறு பெட்டி மூடியிலும் அவர் மூக்குத்தான் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு மாதம்தானே என்று நினைத்தேன். "சரி மேஸ்திரி, நான் பாத்துக்கிறேன்" என்று வாயும் சொல்லிவிட்டது.

எனக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்யும். திராட்சைத் தோட்டத்தில் வளர்ந்தவள். பக்கத்துத் தோட்டத்தில் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று வீட்டுக்குள் இருந்தே சொல்லுவேன். இரண்டு வருடம் மேஸ்திரி சொல்லச் சொல்லக் கேட்டு எழுதியதில் ஏலக்காய்த் தொலிக்கும் காப்பிக்கொட்டைக்கும் வித்தியாசம் பழகியிருந்தது. எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இலைக்கட்டை முறத்தில் வைத்துக் கொண்டுவருவது எப்போதும் என் வேலைதான். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. கதவுச் சாக்குக்கு வெளியே நான் முகர்ந்து பார்த்துவிடுவேன். நல்ல இலையாக இருந்தால் கட்டின் காம்பு மேஸ்திரி பக்கம் இருக்கும்படி வைத்து நீட்டுவேன். ஆகாத இலை என்றால் காம்பு என் பக்கம் இருக்கும். அவர் கண்ணை மூடி, இழுத்து, தலையை ஆட்டி, முறை கூடியது என்றோ கூடவில்லை என்றோ சொல்லுவார். முதலாளி பக்கத்தில் நின்றாலும் ஒன்றும் தெரியாது. மாதிரிச் சுருட்டைப் பற்றவைத்து அவர் இழுக்கும்போது நான் நோட்டோடு பக்கத்தில் நின்று புகையை வாங்கிக்கொள்வேன். "உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதா?" என்று ஒரு நாள் கேட்டேன். "சூடு தெரியுது" என்றார்.

ஒரு மாதம் ஆறு மாதமானது. பிறகு ஒரு வருடம். மூக்கு திரும்பவில்லை. இதில் பெரிய கூத்து என்னவென்றால், நான் காம்பு திருப்பிக் கலந்த அந்த வருடச் சுருட்டுத்தான் இதுவரை வந்ததிலேயே சிறந்தது என்று கடிதங்கள் வந்தன. முதலாளி அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார், மேஸ்திரிக்கு மாலை போட்டார். மாலையில் இருந்த சம்பங்கியை மேஸ்திரி மூக்கில் வைத்து, "நல்ல வாசம் மொதலாளி" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதன் பிறகு வருகிறவர்களின் கூட்டம் அதிகமானது. அவர் இலையை முகர்வதைப் பார்க்கவே வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பெயர் பெருகப் பெருக, உண்மையைச் சொல்லக்கூடிய நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவரும் அவர் மனைவியிடம், தூக்குச்சட்டியைத் திறந்ததும் "குழம்பு மணக்குதே" என்று தினமும் சொல்லுவார். ஒரு நாள் குழம்பு நன்றாகவே தீய்ந்திருந்தது. அன்றும் அதையே சொன்னார். "தீஞ்சதைத் தின்னுட்டு மணக்குதுங்கிறாகளே, கிண்டலைப் பாரு" என்று அந்தம்மா என்னிடம் முறையிட்டார். நான் நோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது கல்யாணமாகியிருந்தது. என் கணவருக்குக் கோயமுத்தூரில் மோட்டார் கம்பெனியில் வேலை. இந்த வருடத்துச் சுருட்டு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். அதை நம்பி அவர் இரண்டு அறை வீடு ஒன்றைப் பிடித்தார், காஸ் அடுப்பு வாங்கினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "என்னைக்கு வர்ற?" என்பார். அடுத்த மாசம் என்பேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல? ஊரில் ஒரு பெரியவருடைய மூக்கு நான்தான் என்றா? சொன்னால் அது எப்படியும் வெளியே போகும். சொல்லாமல் இருந்தால் அவருக்கு என் மேல் சந்தேகம் வரும். வரத்தான் செய்தது. சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். ஒரு நாள் போனில், "அடுப்பு வாங்கி எட்டு மாசமாச்சு. இன்னும் கவர் பிரிக்கல. நீ வர மாட்டேன்னா சொல்லிரு, திருப்பிக் கொடுத்துர்றேன்" என்றார். அடுப்பைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அவர் திருப்பிக் கொடுக்க நினைத்தது அடுப்பை மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் இலை அறைக்குள் நுழையும்போது எனக்கு மேஸ்திரி மேல் கோபம் கோபமாக வந்தது. அந்த வெக்கை, அந்த ஈரச் சாக்கு, தலைக்குக் குளித்தாலும் போகாத புகையிலை வாசம், என்னை நம்பி உட்கார்ந்திருக்கும் அந்த முகம், எல்லாமே பிடிக்காமல் போனது. கேட்டுக்கொண்டவர் அவர்; சரி என்றவள் நான்; இருந்தும் கோபம் அவர் மேல்தான். அன்று வருசநாட்டு இலை வந்திருந்தது. அதற்கு நீல நூல் கட்டுவது எங்கள் வழக்கம். புகையிலையை அடுக்கிப் புழுங்கவிட்டு, சூடு அடங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். மழைக்குப் பயந்து அந்த ஊர்க்காரர்கள் பாதியிலேயே பிரித்துவிட்டார்கள். முறத்தைக் கையில் எடுத்ததுமே மாட்டுக் கொட்டகையில் விடியற்காலையில் எழுமே, அந்த மூத்திர நெடி மண்டைக்கு ஏறியது. இந்த இலையை உள்ளே வைத்துச் சுருட்டினால் எத்தனை மாதம் ஆறப்போட்டாலும் தொண்டையைப் பிடிக்கும். எங்கள் பேச்சில் காறல். சாக்குக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கட்டைத் திருப்பி, காம்பு மேஸ்திரி பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மேஸ்திரி கட்டை எடுத்தார், கண்ணை மூடினார், இழுத்தார். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்திருந்தார். கட்டை விரல் இலையின் நடு நரம்பில் மேலும் கீழும் போய் வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். "முறை கூடிருச்சு" என்றார். எழுதிக்கொண்டேன். குற்ற உணர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது.

சுருட்டி, ஆறப்போட்டு, மாதிரி பார்க்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் நான் ராஜினாமாக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். கொடுத்தபோது, "மாதிரி பாக்குற வரைக்கும் இரும்மா" என்றார் முதலாளி. கொச்சியிலிருந்து மாதிரி பார்க்க ஒரு வியாபாரி வந்தார். முதலாளியின் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, சுருட்டைப் பற்றவைத்து நான்கு இழுப்பு இழுத்தார். முகம் கோணியது. "எந்தா இது?" என்றவர் இருமத் தொடங்கி, தண்ணீர் குடித்தும் நிற்காமல், கண்ணில் நீர் வழிய வெளியே போனார். மேஸ்திரி அதே சுருட்டைத்தான் புகைத்துக்கொண்டிருந்தார். நிதானமாக, ஒரு சின்ன இருமல்கூட இல்லாமல்.

முதலாளி கதவைச் சாத்தினார். அறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும். நான் சொல்லிவிடுவதென்று நினைத்தேன். அதற்குள் மேஸ்திரி எழுந்து நின்றார். "என் மூக்கு போயி ரெண்டு வருசமாச்சு மொதலாளி. காச்சல்ல போனது. உங்ககிட்ட மறைச்சது என் தப்பு" என்றார். முதலாளி, "அப்ப போன வருசத்துச் சரக்கு? அதை யார் பார்த்தது?" என்று கேட்டார்.

"கைப்பழக்கந்தேன். வெரல்ல பட்டாலே இலை தெரிஞ்சுரும். இந்தத் தடவ தப்பிப்போச்சு."

"இந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

மேஸ்திரி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அதுக்கு என்ன தெரியும்? இந்தப் பிள்ளை நோட்டுல எழுதும், அம்புட்டுத்தேன். பொண்ணு எது, சம்பந்தி எதுன்னே இன்னும் அதுக்கு ஒழுங்காத் தெரியாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் அந்த அடைத்த அறையில் வெந்தது நான். அத்தனை பேர் பாராட்டிய சுருட்டைக் கலந்தது நான். நான்தான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழுங்கினேன். முதலாளி ஜன்னல் ஓரம் அடுக்கியிருந்த பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா மூடியிலும் மேஸ்திரி கண்ணை மூடியிருந்தார். "இது இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது" என்றார் முதலாளி. "மேஸ்திரி, நீங்க எங்கேயும் போக வேண்டாம். வீடும் இருக்கட்டும். கலக்குறதுக்கு வேற ஆள் பார்த்துக்கிறேன், அவன் பின்னாடி இருந்து செய்யட்டும். வர்றவங்க முன்னாடி நீங்க எப்பவும் போல உக்காந்து இலையை மோந்து பாருங்க. அது போதும்." மேஸ்திரி கையிலிருந்த சுருட்டை அணைத்துவிட்டு, "சரிங்க மொதலாளி" என்றார். அன்றே என் ராஜினாமா ஏற்கப்பட்டது. நோட்டில் எழுதத்தானே ஆள் வேண்டும், அதற்கு யாரும் கிடைப்பார்கள்.

கிளம்பும்போது மேஸ்திரி ஒரு காலிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஊசி நூல் போட்டு வச்சுக்க தாயி. அங்கன போயி நல்லா இரு" என்றார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பைக்குள் திணித்தேன். திண்டுக்கல் வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். நோட்டில் எழுதும் பிள்ளை என்று என்னைச் சொல்லிவிட்டாரே என்ற ஆத்திர அழுகை. நான் செய்த துரோகத்துக்காக ஒரு சொட்டுக்கூட அழவில்லை.

கோயமுத்தூர் வீட்டில் அடுப்பின் கவரைப் பிரித்து, பால் காய்ச்சி, மற்ற சாமான்களை எடுத்து வைக்கும்போதுதான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே காய்ந்த இலை ஒன்று அசையாதபடி செருகியிருந்தது. காம்பில் நீல நூல் துண்டு சுற்றியிருந்தது. திறக்கிறவள் பக்கம், என் பக்கம், காம்பு பார்த்திருந்தது. ஆகாத இலை என்று அர்த்தம். விரலில் பட்டாலே இலை தெரியும் என்று அவர் முதலாளியிடம் சொன்னது முழுப் பொய்யில்லை; வாசம் தெரியாவிட்டாலும் பதமா பச்சையா என்று விரலுக்குத் தெரியும். அன்று நரம்பில் கட்டை விரலை ஓட்டிக்கொண்டிருந்தாரே, அப்போதே பச்சை இலை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்து வெளியே போகத்தான் நான் காம்பைத் திருப்பினேன் என்றும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் முறை கூடியது என்றார். நோட்டில் எழுதும் பிள்ளை என்று சொன்னதும் அப்படித்தான். எனக்கு மூக்கு உண்டு என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தால், மேஸ்திரி உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பின்னால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். அந்தக் கதவிலிருந்து ஒரு ஆள்தான் வெளியே போக முடியும் என்ற நிலையில், அவர் என்னைத் தள்ளிவிட்டுத் தான் உள்ளே நின்றுகொண்டார். அன்றைக்கு அழுத அழுகைதான் உண்மையான அழுகை. ஏன் என்று கணவர் கேட்டார். அப்போதுதான் அவரிடம் முழுவதையும் சொன்னேன்.

மேஸ்திரியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. இதுவரை நான் அழைக்கவில்லை. அழைத்து எதைச் சொல்வது? போன வாரம் என் கணவர் போனை நீட்டி, "இது உங்க மேஸ்திரிதானே?" என்றார். குடோனுக்குப் போன யாரோ எடுத்துப் போட்ட வீடியோ. தலை முழுக்க நரைத்திருந்தது. புதுச் சட்டை, நெற்றியில் விபூதி. சுற்றிலும் போன்களைத் தூக்கிப் பிடித்தபடி ஆட்கள். யாரோ முறத்தில் இலைக்கட்டை நீட்டுகிறார்கள். கட்டை எடுப்பதற்கு முன்னால் அவர் கண் ஒரு நொடி முறத்தில் நின்றது. காம்பு எந்தப் பக்கம் என்று பார்க்கிறார். அங்கே இனி அதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது என்று தெரிந்தும் பார்க்கிறார். பிறகு கண்ணை மூடி, இழுத்து, "ஏலக்கா வாசம் தூக்குது" என்றார். பினாயிலில் ஊறிய கட்டைப் பிடித்துக்கொண்டு அன்று சொன்ன அதே குரல். எல்லாரும் கை தட்டினார்கள்.

இன்று காலை மகளுடைய பள்ளிச் சீருடையில் கொக்கி தைக்கப் பெட்டியைத் திறந்தேன். அந்த இலை இன்னும் அதிலேயே இருக்கிறது, பொத்தான்களுக்கு அடியில், ஓரங்கள் உதிர்ந்து. மற்றவர்களுக்கு அதில் ஒரு வாசமும் வராது. எனக்கு மட்டும் இன்னும் கொட்டகை நெடி அடிக்கும். மகள் ஊசி தேடும்போதெல்லாம் இலை இடம் மாறிக் கிடக்கும். நான் எடுத்து, காம்பு மூடியில் இருக்கும் படத்தின் பக்கம், அவர் பக்கம், இருக்கும்படி திருப்பி வைப்பேன். நல்ல இலை மேஸ்திரி, முறை கூடிருச்சு என்று அதற்கு அர்த்தம். அவர் கண்ணை மூடியபடியே இருக்கிறார். தைத்து முடித்ததும் ஊசியை உள்ளே போட்டு மூடியைச் சாத்தினேன். கொக்கியை மாட்டினால் அவர் உள்ளே, நான் வெளியே.